மாமனார் அறையில் வரும் தலைவலி

"எங்கப்பா அறைக்குப் போயிட்டு வந்தாத்தான் இவளுக்குத் தலை வலிக்குது. நடிப்பு இல்லாம வேறென்ன, டாக்டரம்மா?" என்றான் கணவன்.

மருமகளின் இந்தத் தலைவலியால் வீட்டில் ஒரு முடிவு எடுத்தாகிவிட்டது. நாளைக் காலை முதியோர் இல்லத்து வண்டி வந்து மாமனாரை ஏற்றிப் போய்விடும். பழி அவள் தலையில். அதைவிட அவளை அரித்தது வேறொன்று: ஒருவேளை அந்த மனிதரை உள்ளுக்குள் வெறுக்கிறேனோ? மனசு மறைத்ததை உடம்பு சொல்கிறதோ?

"ஒற்றைத் தலைவலிதான்! வெளிச்சம் கூசுதா, வாந்தி வருதா?" நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க. ரெண்டு பக்கமும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். முகம் திகுதிகுன்னு எரியும்."

"அப்ப மன அழுத்தம்."

"அது தலையை இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும், தெறிக்காது. ரெண்டு தடவை அவுட்டாயிட்டீங்க," என்றார் டாக்டர் சிரிக்காமல். பிறகு மருமகளைப் பார்த்தார். "எப்பெப்ப வருது?"

"காலையும் சாயங்காலமும். மாமாவுக்கு மாத்திரை குடுத்து, நெஞ்சுல களிம்பு தடவி, துணி மாத்திவிட்டு வருவேன். கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிடும்."

"வராத நாள்?"

"போன வாரம் ரெண்டு நாள். நாத்தனார் வந்து பார்த்துக்கிட்டாங்க."

"அவங்களுக்கு வலிச்சுதா?"

கணவன் தயங்கினான். "அக்காவுக்கும் மண்டை பிளந்துச்சு. பஸ் அலுப்புன்னு சொன்னா."

டாக்டர் அவர்கள் கொண்டுவந்த மருந்துப் பையைக் கவிழ்த்தார். களிம்புக் குழாய் பாதி காலி. அதோடு வந்த, கை படாமல் களிம்பை அளந்து நெஞ்சில் ஒட்டும் அளவுக் காகிதக் கட்டு பிரிக்கப்படவே இல்லை.

"இதை ஏன் தொடலை?"

அவள் முகம் சிவந்தது. "முதல் நாள் இந்தக் கட்டைப் பிரிக்கப் போனேன். 'என்னைத் தொடவே அருவருப்பா இருக்காம்மா'ன்னு கேட்டுட்டார். அதுலேர்ந்து வெறுங்கையாலதான் தேய்ச்சு விடறேன். நாத்தனாருக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தேன்."

"இது இதயத்துக்கான மருந்தும்மா. தோல் வழியா இறங்கி ரத்தக் குழாயை விரிக்கும். யார் தோல்னு அதுக்குத் தெரியாது. உங்க உள்ளங்கை வழியா ஏறித்தான் தலை தெறிக்குது." டாக்டரின் குரல் தாழ்ந்தது. "அவருக்கு நெஞ்சு வலி குறைஞ்சுதா?"

"கூடியிருக்கு."

"கூடத்தான் செய்யும். அவர் மருந்துல ஒரு பங்கு உங்களுக்குள்ள போகுதே. உடனே அவரை இங்க கூட்டிட்டு வாங்க. பரிசோதிச்சுட்டு நான் அளவு சொல்றேன். நீங்களா கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்."

மருமகள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெறுப்பு இல்லை. பிரியம்தான் அந்த மனிதரை இத்தனை நாள் வலியில் கிடத்தியிருக்கிறது.

கணவன் எழுந்து இல்லத்துக்குப் போன் செய்தான். "நாளைக்கு வண்டி வேண்டாம்."

"அந்தக் காகிதத்தை எப்படி வைக்கணும்னு காட்டறேன், வாம்மா," என்றாள் நர்ஸ்.

மருமகள் எழுந்திருக்கவில்லை.

"இவருக்குக் காட்டுங்க, நர்ஸம்மா. இவரோட அப்பாதானே."