குளிரில் வெடித்த சுவர்

பனி அளக்கும் முற்றத்தில் யாரோ நடந்திருந்தார்கள்.

ஐலா வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். காலை எட்டு மணி, வெப்பம் நாலு டிகிரி, கூரையிலிருந்து விடாமல் சொட்டும் நீர், ஈர மண்ணும் மக்கிய இலையும் கலந்த வாசனை; ஐந்து மாத உறைகுளிர் விட்டு இது மூன்றாவது நாள். பதினெட்டு வருடமாக வானிலைக் குறிப்பு எழுதுகிறவள் அவள். பனியின் உயரம் காட்ட நடுவில் நட்ட கோலைத் தூரத்திலிருந்தே படிக்க வேண்டும், உள்ளே கால் வைத்தால் அளவு கெட்டுவிடும். நேற்றுவரை அங்கே ஒரு தடமும் இல்லை. இன்று தடங்கள் குழியாக இல்லாமல் மேடாக எழும்பி நின்றன.

"இது பழசு ஐலா," என்றார் பக்கத்து வீட்டு ரெய்னோ. "மிதிச்ச பனி இறுகிடும். மேல விழுந்ததும் சுத்தி இருக்கறதும் கரைஞ்சாலும் அது மட்டும் நிக்கும். ஜனவரித் தடம். நீ கோயில் மாதிரி காக்கற முற்றத்துல எந்தக் குடிகாரன் பூந்தான்? நோட்டுல எழுதலையா?"

சிரித்தபடி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "அடுப்புல காபி வெச்சிருக்கேன்," என்று போய்விட்டார்.

வலது கால் பூட்ஸ். இடது வெறுங்கால், ஐந்து விரலும் தெரிந்தது.

ஜனவரியில் அவள் கணவன் உர்ஹோ, ராத்திரி அக்கரைக் குடிசையில் தங்குவதாகச் சொல்லிவிட்டு ஏரிக்கு வலை எடுக்கப் போனான். விடிகாலையில் காற்று மாறிப் பனி கொட்டியது. தேடியவர்களுக்கு உறைந்த ஏரியில் வலைக்காக வெட்டிய துளையோரம் இடது பூட்ஸ் மட்டும் கிடைத்தது. மூழ்கிவிட்டான் என்றார்கள்.

அந்த இரவு அவள் எழுதியது இன்னும் நோட்டில் இருக்கிறது. மைனஸ் முப்பத்தொன்று. கடுங்குளிரில் மரச்சுவர் வெடிக்கும் சத்தம், மூன்று முறை. இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவளும் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

தடங்கள் ஏரியிலிருந்து படுக்கையறைச் சுவர்வரை வந்தன. திரும்பிப் போகவில்லை. சுவரடியில், கூரையிலிருந்து சரிந்த பனி இடுப்பளவு குவிந்திருந்தது.

மண்வெட்டியோடு வேலியைத் தாண்டினாள். "வந்துட்டேன் உர்ஹோ. அன்னிக்குத் தட்டினது நீதான்னு தெரியலையே எனக்கு. தெரிஞ்சிருந்தா திறந்திருப்பேனே."

தோண்டினாள். பனி. மறுபடியும் பனி. ஈரப்புல்.

யாரும் இல்லை.

டக்.

டக். டக்.

நாலு டிகிரியில் மரம் வெடிக்காது. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள்ளேயிருந்து வந்தது. அவளைத் தவிர ஆளில்லாத வீடு. மெல்லத் தலையைத் தூக்கினாள். படுக்கையறை ஜன்னலில் மட்டும் உள்பக்கமாக வெள்ளையாய் உறைபனி படர்ந்திருந்தது.

உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைத்துக்கொண்டிருந்தது.