பலகையின் இரண்டாம் வரி

மெல்பர்னில் மூன்றாம் நாளாக மழை விடவில்லை. நோரா டிரெலோர் நனைந்த தொப்பியைக் கழற்றக்கூட மறந்து, துப்பறிவாளர் பாஸ்கோவின் எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி கிளிஃப், தெற்கு டிராம் ஷெட்டில் வண்டி ஓட்டுபவன்.

"என் வீட்டுக்காரர் லின்ட்சே வடக்கு ஷெட் டிரைவர். சனிக்கிழமை ஒரு பெரியவர் மேல டிராமை ஏத்திக் கொன்னுட்டு, நிறுத்தாமப் போயிட்டார்னு உள்ளே வெச்சிருக்காங்க. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க!"

"அழாதக்கா. அத்தான் வந்துடுவார்" என்று கிளிஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாஸ்கோவின் உதவியாளன் டெஸ்மண்ட் நினைத்தான்.

சாட்சி ஒருவர்தான், விபத்து நடந்த ரோட்டில் கறிக்கடை வைத்திருக்கும் குவின்லன்.

"ஃபுட்பால் முடிஞ்ச நேரம் சார். டிராம் முன்பலகையில போற ஊர் 'செயின்ட் கில்டா'ன்னு இருந்தது. அந்த நேரத்துல லின்ட்சே வண்டிதானே அங்கே வரும்?" என்றார் அவர்.

"கொட்டுற மழையில அதைப் படிச்சீங்களாக்கும்!" டெஸ்மண்ட் சீண்டினான்.

குவின்லனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது மட்டுமா? அதுக்குக் கீழே பொடி எழுத்துல 'பாலம் வழி'ன்னு இருந்ததையும் படிச்சேன். போதுமா தம்பி?"

திரும்பும் வழியில் பாஸ்கோ வடக்கு ஷெட் வாசலில் நின்று, ஒவ்வொரு டிராமின் முன்பலகையையும் பார்த்தார்.

மாலையில் பாஸ்கோவும் டெஸ்மண்டும் போனபோது, நோராவின் சமையலறையில் கிளிஃப் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"வடக்கு ஷெட் முன்பலகையில ஊர்ப் பேர் மட்டும்தாம்மா, ஒரே வரி. எந்த வழின்னு கீழே ரெண்டாவது வரி போடறது தெற்கு ஷெட் வழக்கம். போலீஸ் ஊர்ப் பேரைக் கேட்டதோட நிறுத்திட்டாங்க" என்றார் பாஸ்கோ.

"தெற்கு வண்டிக்கு அந்த ரோட்டுல என்ன சார் வேலை?" என்றான் டெஸ்மண்ட்.

"ஃபுட்பால் கூட்டத்துக்காக ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருக்காங்க. இப்பதான் தெற்கு ஷெட்ல விசாரிச்சேன்."

நோரா துள்ளி எழுந்தாள். "அப்போ அவர் வந்துடுவாரா?"

"வந்துடுவார்மா."

"அந்த வண்டியை ஓட்டின பாவி யாரு? அவன் நாசமா..."

பாஸ்கோ கிளிஃபைப் பார்த்தார். அவன் கெண்டியை மேசையில் வைத்தான்.

"சடார்னு குறுக்கே வந்துட்டார்க்கா" என்றான் கிளிஃப். "பயந்துட்டேன்."

நோராவின் வாயில் பாதிச் சாபம் அப்படியே நின்றுவிட்டது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"மூணு நாளா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, கிளிஃப்?"