எட்டு மாத வண்டியின் துரு

பொன்னுதுரை உட்கார மறுத்துவிட்டான். வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, விஜிலா கொடுத்த தண்ணீர்ச் செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பெரிய கைகள். செம்பே அவற்றுக்குள் மறைந்துபோயிருந்தது.

“மேடம், நான் உப்பு லோடு அடிக்கல. இதை எங்க போய்ச் சொல்லணும்னு தெரியல. அதான் இங்கன வந்தேன்.”

விஜிலா வாகனச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயர். இருபத்திரண்டு வருடமாகத் தூத்துக்குடி வட்டாரத்தில் கவிழ்ந்த, எரிந்த, நீரில் மூழ்கிய வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்து, நடந்தது என்ன என்று எழுதிக் கொடுப்பவள். அவளுடைய அண்ணன் ஜீவமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே தங்கையின் ஸ்கூட்டரை ஓட்டும் வேலையையும், யாரும் கேட்காமலேயே துப்பறியும் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

“யாருல உன்னை அப்படிச் சொன்னது?” என்று அவர் நோட்டைத் திறந்தார்.

முத்தையாபுரம் செந்தில்முருகன் வாழைத்தார் வியாபாரி. தை மாதம் புது பிக்கப் வாங்கினான். பொன்னுதுரை அதற்கு டிரைவர். ஏரலில் தார் ஏற்றி, தூத்துக்குடி மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு வண்டியை முதலாளி வீட்டு ஷெட்டில் விட்டு பஸ் ஏறிவிடுவான். மூன்று வாரத்துக்கு முன்பு சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்த, அது உள்ளே போய்விட்டது. எட்டே மாத வண்டி. உப்பு பட்ட வண்டிக்கு வாரண்டி கிடையாது என்று ஷோரூமில் கைவிரித்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே செந்தில்முருகனின் மனைவி உமாராணி லோடு வண்டி ஸ்டாண்டுக்கு வந்தாள். அவள் பள்ளி ஆசிரியை.

“பதினாலு பேரு நின்னாங்க மேடம். ‘திருட்டுத்தனமா உப்பு அடிச்சு எங்க வண்டியை அழிச்சவன் இவன்தான்’னு டீச்சர் சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. முன்னாடி ஒம்பது வருஷம் உப்பு லாரிதான ஓட்டுனேன்? நான் சொன்னா எவன் நம்புவான்? இப்ப ஒருத்தனும் என் கையில சாவி குடுக்க மாட்டேங்கான். எம் பொண்டாட்டிகூட நேத்து கேக்கா, ‘ஒரு தடவைகூட அடிக்கலையா’ன்னு.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்யாதவனுக்கும் வெட்கம் வரும் என்பது விஜிலாவுக்குத் தெரியும். பலர் முன்னால் ஒரு சொல் விழுந்துவிட்டால் அது பொய்யே என்றாலும் சட்டையில் பட்ட கறையைப் போல எல்லோருடைய கண்ணையும் அங்கேயே இழுக்கிறது. ஆனால் அவளை உறுத்தியது வேறொன்று. ‘ஒன்பது வருஷம் உப்பு லாரி’ என்று அவன் சொன்ன கணத்தில் அவள் மனமும் ‘அப்படியா’ என்று ஒரு அடி பின்வாங்கியிருந்தது. அவன் அதைக் கவனித்திருப்பானோ என்று நினைத்தபோது காது சுட்டது.

“பாக்கேன்,” என்றாள். “உண்மை எதுவோ அதைத்தான் எழுதுவேன். சம்மதமா?”

“அது போதும் மேடம்.”

மறுநாள் சனிக்கிழமை. செந்தில்முருகன் தடை சொல்லவில்லை. “தாராளமாப் பாருங்க மேடம். பாத்துட்டு அவன் செஞ்சதை நீங்களே எழுதிக் குடுங்க,” என்று ஷெட்டைத் திறந்துவிட்டான். இடது காலைச் சற்று இழுத்து நடந்தான்.

விஜிலா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது. மட்கார்டின் உட்புறம், ஸ்பிரிங் பட்டைகள், பிரேக் குழாய் எல்லாம் ஏரல் சேறு காய்ந்து ஒட்டியிருந்ததைத் தவிர சுத்தமாக இருந்தன. பின்பக்கத் தரைத்தகட்டில் வாழைப்பால் கறை மட்டும். ஆனால் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடத்தில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தொழிற்சாலையிலேயே போட்டு விட்ட ஒரு ஓட்டை. அதிலிருந்து பழுப்பு நீர் வழிந்து காய்ந்திருந்தது.

“கடற்கரையில ஓட்டியிருப்பான்,” என்றார் ஜீவமணி. டார்ச்சைப் பார்த்துவிட்டு, “இல்ல, கம்பெனி கோளாறு,” என்றார். கொஞ்சம் கழித்து, “எதிரி எவனோ உப்புத்தண்ணி பீச்சியிருக்கான். ஏளா விஜிலா, எழுதிக்கோ, நான் சொல்லுதேன்,” என்றார்.

“அந்த ஓட்டைக்குள்ள கையை விட்டுப் பாருங்கண்ணே.”

அவர் கை பாதியில் சிக்கிக்கொண்டது. தேங்காயெண்ணெய் தடவி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. “கிரேன்லகூட நான் இப்படி மாட்டுனதில்லல,” என்று அவர் செந்தில்முருகனிடம் முனகினார். விஜிலா வளையல்களைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தன் கையை விட்டாள். மணிக்கட்டுவரை போயிற்று. விரலில் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. துணி. துருவேறி, கசங்கி, கந்தலாக.

“பட்டறையில கை துடைச்ச துணி,” என்றார் ஜீவமணி ஏமாற்றத்துடன்.

விஜிலா நான்கு ஓட்டைகளிலிருந்தும் எடுத்ததை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினாள்.

காப்பி குடிக்க உள்ளே கூப்பிட்டார்கள். முன்னறை நறுவிசாக இருந்தது. நான்கு மூலைகளிலும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் கல்லுப்பு வைக்கப்பட்டிருந்தது. கடற்காற்றுக்கு அது கசிந்து, கிண்ணத்தைச் சுற்றித் தரையில் வெள்ளை வளையம் படிந்திருந்தது. உமாராணி மெலிந்த உடம்புக்காரி. பார்வையை யார் மீதும் நிறுத்தாமல் டம்ளர்களை வைத்தாள்.

“எறும்புக்கா டீச்சர்?” என்று கிண்ணத்தைக் காட்டினார் ஜீவமணி.

“திருஷ்டிக்கு அண்ணாச்சி,” என்று செந்தில்முருகன் சிரித்தான். “பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துதா, வீட்டுல இது. போன வண்டி பாஞ்சாலங்குறிச்சி ரோட்டுல கவுந்து என் கால் ஒடிஞ்சதுல்லா? அது ஊர்க் கண்ணாம். அதுல எலுமிச்சம்பழம் மிளகாய் கட்டித்தான இருந்துச்சு, கட்டியிருந்தும் கவுந்துச்சுல்லான்னு கேட்டேன். புது வண்டியில ஒண்ணும் தொங்கக் கூடாதுன்னுட்டேன். ஒரு மாசம் என்கூடப் பேசல.”

உமாராணி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

விஜிலா காப்பியைக் குடித்து முடித்தாள். “நாளைக்கு வாரேன். பொன்னுதுரையையும் வரச் சொல்லுதேன்,” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட்டில் ஐந்து பேர். பொன்னுதுரை வண்டியிலிருந்து எட்டி நின்றான். தான் எட்டு மாதம் துடைத்த வண்டியைத் தொட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. விஜிலா தரையில் செய்தித்தாளை விரித்தாள்.

“வண்டிக்கு உப்பு மூணு வழியில வரலாம்,” என்று ஆரம்பித்தாள். “ஒண்ணு கீழ இருந்து. உப்பளத்துப் பாதையிலயோ கடற்கரையிலயோ ஓட்டினா டயர் வாரி அடிக்கும். முதல்ல போறது மட்கார்டும் ஸ்பிரிங் பட்டையும். அது ரெண்டும் நல்லா இருக்கு. அடுத்தது மேல இருந்து. உப்பு மூட்டை ஏத்தினா தரைத்தகடும் அதோட போல்ட்டும்தான் முதல்ல அரிக்கும். அங்க வாழைப்பால் கறையைத் தவிர ஒண்ணும் இல்ல. ஆகவே பொன்னுதுரை இந்த வண்டியில ஒரு மூட்டை உப்புகூட ஏத்தல.”

பொன்னுதுரை மூச்சை வெளியே விட்டான். அவ்வளவு நேரம் அதை அடக்கி வைத்திருந்தான் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

“அப்ப கம்பெனி கோளாறுதான்,” என்றான் செந்தில்முருகன்.

“கம்பெனி கோளாறுன்னா சட்டம் நெடுகிலும் இருக்கணும். நாலு இடத்தில மட்டும், நாலு மூலையிலயும் ஒரே மாதிரி வராது. இந்தத் தகடு உள்ள இருந்து வெளிய அரிச்சிருக்கு. அதான் மூணாவது வழி. யாரோ உப்பைச் சட்டத்துக்குள்ளயே வச்சிருக்காங்க.”

பையை அவிழ்த்து, கந்தல்களைத் தாளில் பரப்பினாள். ஒவ்வொன்றும் சிறு முடிச்சு. பெரும்பாலானவை காலி. மூன்றில் மட்டும் கல்லுப்பு இன்னும் கரையாமல் இருந்தது. “ஒரு மூலைக்கு எட்டு முடிச்சு. வண்டிக்கும் எட்டு மாசம். மாசம் ஒண்ணு.”

“நான் சொன்னேம்லா, எதிரி!” என்றார் ஜீவமணி.

“ஓரத்தைப் பாருங்க. மஞ்சள். எதிரி மஞ்சள் தடவிக் கட்ட மாட்டான் அண்ணே. இதை வச்சவங்க இந்த வண்டிக்கு நல்லது நினைச்சவங்க.” செந்தில்முருகனிடம் திரும்பினாள். “அந்த ஓட்டையில அண்ணன் கை மாட்டிக்கிட்டு. என் கை வளையலைக் கழத்தின பிறகுதான் போச்சு. பொன்னுதுரை கையையும் உங்க கையையும் நீங்களே பாத்துக்கோங்க.”

இதற்கு மேல் சொல்வதில்லை என்று அவள் முந்தைய நாளே தீர்மானித்திருந்தாள். மீதியைச் சொல்ல வேண்டியவளுக்கு இடம் விடுவதுதான் நியாயம் என்று அப்போது பட்டது. செந்தில்முருகன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

“முத்துக்கனி! ஷெட்டைப் பெருக்க அவதான வாரா. ஒல்லிக் கை. உமா, அவளுக்கு ஒரு போனைப் போடு. இன்னையோட கணக்கை முடிச்சிருவோம்.”

நாகரிகம் என்று எண்ணி விஜிலா விட்டு வைத்த இடத்தில், இங்கே இல்லாத இன்னொருத்தி வந்து நிற்கிறாள். பெயரைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

“முத்துக்கனி இல்ல,” என்றாள் உமாராணி. “நான்தான்.”

அவள் முந்தானையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

“அமாவாசைக்கு அமாவாசை வச்சேன். நீங்க எதையும் கட்டக் கூடாதுன்னுட்டீங்க. வண்டி ராத்திரியெல்லாம் இங்கதான நிக்கும்? உங்க கண்ணுல படாத இடமாப் பாத்தேன். பழசை எடுக்க வரல. உள்ள தள்ளிட்டுப் புதுசை வச்சேன்.” அவள் குரலில் அழுகை இல்லை. “வருஷா வருஷம் இரும்பாணியை உப்புத்தண்ணியில போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுறவ நான். துரு எப்படி வருதுன்னு பரீட்சையில கேள்வி கேக்கிறவ. இங்கன குனிஞ்சு கையை விடுறப்ப அது ஒரு தடவைகூட ஞாபகம் வரல. இவரு கால் மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு.”

“மெக்கானிக் சொன்னப்பவும் ஞாபகம் வரலையா?” விஜிலா மெதுவாகத்தான் கேட்டாள்.

உமாராணி குனிந்து, தாளில் கிடந்த ஒரு முடிச்சை எடுத்தாள்.

“வந்துச்சு,” என்றாள். “உப்புன்னு ஷோரூம்ல சொன்னதைக் கேட்ட உடனே தெரிஞ்சு போச்சு. ‘உப்பா, நம்ம வண்டிக்கு எங்க இருந்து?’ன்னு இவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. பொன்னுதுரை முன்னாடி உப்பு லாரி ஓட்டினவர்தானன்னு வாயில வந்துட்டு. சொன்ன பிறகு அதை நானே நம்பணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் அன்னைக்கே ஸ்டாண்டுக்கு ஓடினேன். பத்துப் பேர் கேட்டா அது நிஜமாயிரும்னு நினைச்சேன் போல.”

செந்தில்முருகன் வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டான். மனைவியைத் திட்ட வாய் வராமல், பொன்னுதுரையையும் பார்க்க முடியாமல், விஜிலாவிடம் திரும்பி, “இதைச் சரி பண்ணிரலாமா மேடம்?” என்றான்.

“பண்ணலாம். சட்டத்துக்குள்ள நல்ல தண்ணி விட்டு ரெண்டு நாள் அலசணும். நாலு இடத்திலயும் அரிச்ச தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வச்சு வெல்டிங் பண்ணணும். உள்ள துருத்தடுப்பு மெழுகு அடிக்கணும். ஓட வேண்டிய வண்டிதான், ஓடும்.”

“ஏலே பொன்னுதுரை,” என்றான் செந்தில்முருகன். “நாளையில இருந்து வந்திரு. மூணு வாரச் சம்பளமும் தாரேன்.”

பொன்னுதுரை தலையசைக்கவில்லை.

“வேலை இருக்கட்டும் அண்ணாச்சி. டீச்சர் அன்னைக்கு ஸ்டாண்டுல வச்சுச் சொன்னாங்க. அங்கன வந்து சொல்லணும்.”

“அங்கனயா? அத்தனை ஆம்பளைக மத்தியிலயா? எழுதித் தரச் சொல்லுதேன்ல.”

“அன்னைக்கும் அத்தனை பேரும்தான நின்னாங்க?”

“வாரேன்,” என்றாள் உமாராணி.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளி விட்டு நேராக வந்தாள். செந்தில்முருகன் கூட வரவில்லை. ஸ்டாண்டில் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவன் டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் டீ குடித்தார்கள். விஜிலாவும் ஜீவமணியும் எதிர்ப்புறம் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். வந்திருக்க வேண்டாமோ என்று விஜிலாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருத்தி வெட்கப்படுவதைப் பார்க்க வருவதிலும் ஒரு வெட்கம் இருந்தது. ஜீவமணி நோட்டைத் திறக்கவில்லை.

உமாராணி முதல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். “வண்டி துருப்பிடிச்சதுக்குப் பொன்னுதுரை காரணம் இல்ல. அவர் உப்பு ஏத்தல. நான்தான் உள்ள உப்பு வச்சேன். தெரிஞ்சே அவர் மேல பழியைப் போட்டேன்.”

பக்கத்தில் இருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். “உப்பு வச்சாங்களாம்ல,” என்றது ஒரு குரல். தூரத்தில் டயர் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவள் பொன்னுதுரையைப் பார்த்தாள். போதுமா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

பொன்னுதுரையின் முகத்தில் கோபம் இல்லை. “கடைசி வண்டிக்காரனுக்குக் கேக்கல டீச்சர்,” என்றான். “அன்னைக்கு அது வரைக்கும் கேட்டுச்சு.”

உமாராணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினோரு வண்டிகளையும் கடந்து, சிரிப்பையும் கடந்து, வரிசையின் கடைசிவரை நடந்தாள். டயரைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிரும்வரை காத்திருந்தாள். பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசுகிறவளின் குரலில், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.