கடலோர ஸ்டேஷனில் காணாமல் போன மூடிகள்

ஸ்டேஷன் பெருக்கும் அம்மாள் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டின் வீட்டு வாசலிலேயே நின்று பேசினாள். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"நான் எடுக்கலைங்க. கேமரா மூடிய வச்சுக்கிட்டு நான் என்ன, சட்டியா மூடப் போறேன்? படம் எடுக்க வர்றவங்க என்னைத்தான் கை காட்டுறாங்க. நாளையிலேர்ந்து வராதேன்னுட்டார் காண்ட்ராக்டர்."

கார்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி விடமாட்டார் என்று அர்த்தம். அவருடைய மைத்துனன் அதற்குள் கேமராவோடு தயாராகிவிட்டான். துப்பறிவதில் பாதி ஆசை, படம் எடுப்பதில் பாதி ஆசை அவனுக்கு.

ஒற்றை நடைமேடை, ஒரு பெஞ்சு, ஒரு மணி, அதற்கப்பால் கடல். வண்டிகள் பெரும்பாலும் நிற்காமலே போகும். படம் எடுப்பவர்கள் காரில் வந்து காரிலேயே திரும்பிவிடுவார்கள். அந்த வெறுமை மைத்துனனுக்கு என்னவோ செய்தது. லென்ஸ் மூடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். மணியருகே ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படத்துல விழறீங்க."

மாஸ்டர் மறுபேச்சின்றிப் பெஞ்சுப் பக்கம் ஒதுங்கினார். படம் எடுத்துத் திரும்பினால் மூடியைக் காணோம்.

"அத்தான்!" என்று அலறினான் மைத்துனன். அம்மாளோ அவ்வளவு நேரமும் கேட்டுக்கு வெளியே, கார்டின் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.

கார்டு அலட்டிக்கொள்ளவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார். "உங்க மூடி பத்திரமா இருக்காம்மா?"

"இருக்கே. எத்தனையோ தடவை வந்திருக்கேன், ஒண்ணும் போனதில்ல."

"மாஸ்டரைத் தள்ளிக்கச் சொல்லுவீங்களா?"

"எதுக்கு? அவர் நின்னாத்தானே அது ஸ்டேஷன்."

பிறகு காண்ட்ராக்டரிடம் நம்பர் வாங்கி, மூடியைத் தொலைத்த இரண்டு பேருக்குப் போன் போட்டார். இருவருமே மாஸ்டரை நகரச் சொன்னவர்கள். மூடியைத் தேடித் திரும்பி வந்தபோது அவர் டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசினாராம். எழுந்திருக்கவே விடவில்லையாம்.

மாஸ்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள். ஆள் இல்லாத நாற்காலியும் பளிச்சென்று துடைத்திருந்தது.

"மூடி காசுக்குப் போகாது," என்றார் கார்டு. "ஆனா தொலைச்சவன் தேடி வருவான். தள்ளிக்கச் சொன்னவங்களோடது மட்டும்தான் போயிருக்கு. தள்ளிக்கிட்டா நீங்க போய் நிக்கிறது பெஞ்சுகிட்ட. எடுங்க சார்."

மாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே மூடிகள்.

"'தள்ளிக்கங்க'ன்னுதான் சொல்லுவாங்க. அதைத் தவிர யாரும் எங்கிட்ட எதுவும் பேசறதில்ல சார். தேடி வந்தா கொஞ்ச நேரம் உட்காருவாங்க. இந்தம்மா மேல பழி விழும்னு நினைக்கல. விழுந்தப்புறம் சொல்ல வாய் வரல."

"இப்ப வரட்டும்," என்று போனை அவர் முன்னால் நகர்த்தினார் கார்டு.

மாஸ்டர் காண்ட்ராக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மைத்துனன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அறை வாசலில் நின்ற அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "பேச ஆளில்லேன்னா எங்கிட்ட பேசியிருக்கலாமே சார். ஆறு வருஷமா இங்கதானே பெருக்கறேன்?"

மாஸ்டர் எழுந்து, அந்த இரண்டாவது நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

இந்த முறை அவள் உட்கார்ந்தாள்.