காலி செய்த கருவறை

கடவுளை இடம் மாற்ற இருபத்திரண்டாயிரம் ஆனது. பூவும் தேங்காயும் தனி. காண்ட்ராக்டர் வழக்கம்போல் பேரம் பேசிப் பார்த்தார், குருக்கள் மசியவில்லை. திருப்பணி முடிகிற வரைக்கும் மூலவரின் சக்தியை மந்திரம் சொல்லிக் குடத்து நீரில் இறக்கி, அங்கிருந்து ஓர் அத்திப் பலகையில் ஏற்றி, பிராகாரத்துக் கொட்டகையில் வைத்தார்கள். தீபமும் நைவேத்தியமும் இனி பலகைக்குத்தான். கருவறையில் நின்றது வெள்ளைத் துணி சுற்றிய வெறும் கல்.

"ஓனர் வெளியூர் போயிருக்காரு, நாம வெள்ளையடிக்கிறோம்" என்று சிரித்த கொத்தனாரே மூன்றாம் மாதம் உள்ளே தனியாகப் போக மறுத்துவிட்டார். காரணம் கேட்டால், "வாசனை வருதுங்க" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அன்று உச்சிவேளை. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தளத்தின் மட்டம் பார்க்கக் காண்ட்ராக்டர் உள்ளே நுழைந்தார். வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில். உள்ளேயோ நடுப்பகலிலும் விலகாத பழைய இருட்டு. சுவரில் ஊறிய எண்ணெய்ச் சிக்கு, வௌவால் நெடி, ஈர சிமென்ட், இவை எல்லாவற்றுக்கும் அடியில், யாரோ இப்போதுதான் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டதுபோல், கசங்கிய பூவின் மணம். மாதக்கணக்கில் இந்த அறைக்குள் ஒரு பூ வந்ததில்லை.

அதை யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. ஐந்து வயது மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சாயங்காலத்துக்குள் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்ன டாக்டர், அப்புறம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கூப்பிட்டாலும் முழிக்க மாட்டேங்குறா. கை காலெல்லாம் சில்லுனு ஆகுது. சீக்கிரம் வாங்களேன்."

"இதோ, கிளம்பிட்டேன்."

கிளம்பத்தான் திரும்பினார். ஆனால் பிறந்ததிலிருந்து கருவறைக்கு முன் நின்ற உடம்பு. கைகள் தாமாகக் குவிந்தன. சாமியிடமும் கணக்குப் பார்த்தே நேர்ந்துகொள்கிற மனுஷன், அன்று கணக்கே பார்க்காமல் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"குட்டிய எழுப்பி உக்கார வச்சிடு. என் வீட்டுக்கே வந்து இரு. ஆயுசு பூரா வச்சுப் பாத்துக்கறேன்."

காற்றில்லை. ஆனாலும் கல்லைச் சுற்றிய துணி, வாய் இருக்க வேண்டிய இடத்தில், மெல்ல உள்ளே இழுபட்டது. ஒரு மூச்சு அளவு. பிறகு தொய்ந்தது. பூ மணம் அவர் தோளை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போயிற்று.

மறுபடி போன்.

"என்னங்க, எழுந்து உக்காந்துட்டா! தானாவே உக்காந்துட்டா!"

கண்ணில் நீர் வழியக் கொட்டகைக்கு ஓடினார். குருக்கள் பலகைக்கு முன் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

"சாமீ, குழந்தை பொழைச்சிடுச்சு! வேண்டிக்கிட்ட கையோட பலன்!"

"நல்லதாப் போச்சு. ஆனா இங்க நீங்க வரவேயில்லையே? எங்க வேண்டிக்கிட்டீங்க?"

"உள்ளதான். கருவறையில."

குருக்கள் கை நின்றது. "அங்க சாமி இல்லையே, காண்ட்ராக்டரே."

"பழக்கதோஷம்..."

"என்ன தர்றேன்னீங்க?"

சொன்னார். குருக்கள் திரிக்குச்சியைக் கீழே வைத்தார்.

"இடம் காலியா கிடந்தா யாராவது வந்து உக்காரத்தான் செய்வாங்க. நான் அந்தப் பக்கமே போறதில்ல. கும்பாபிஷேகத்தன்னிக்கு அது கிளம்பித்தானே ஆகணும்னு விட்டுட்டேன். இதுவரைக்கும் அதுக்குப் போக்கிடம் இல்லாம இருந்துது."

எழுந்து கருவறை வாசல் வரை போனார். நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இப்ப இல்ல" என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டு மாடிப்படியிலேயே அந்த மணம்.

மனைவி சிரிப்பும் அழுகையுமாகக் கதவைத் திறந்தாள். "சம்மணம் போட்டு உக்காந்திருக்கா பாருங்க. தண்ணி கேக்கல, அடம் பிடிக்கல. எவ்வளவு சமத்து!"

கட்டில் நடுவில் மகள். முதுகு நேராக. கண்கள் திறந்திருந்தன. அவ்வளவுதான்.

"குட்டி..."

உதடு மெல்ல விரிந்தது. இமை அசையவில்லை.

"காய்ச்சல் சுத்தமா போயிடுச்சுங்க. உடம்பு எப்படிக் குளுந்து கிடக்கு, தொட்டுப் பாருங்க." அவள் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகு வளைந்து கொடுக்கவில்லை.

அவர் மின்விசிறியை நிறுத்தினார். மகளின் மூக்கடியில் விரலை வைத்தார்.

காத்திருந்தார்.

மனைவியின் மூச்சு, விம்மலோடு. தன் மூச்சு, இரைப்போடு.

இன்னும் காத்திருந்தார்.

மகள் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அறையில் ஆள் மூன்று. மூச்சு இரண்டு.