மூன்று தட்டினால் கிளம்பலாம்

அவர் ஒருமுறைதான் கை தட்டினார். அரங்கம் இரண்டுமுறை தட்டியது.

இசை அரங்குகளின் ஒலியைச் சோதித்துச் சொல்வதுதான் அவருக்குப் பிழைப்பு. கருவிகளையெல்லாம் பிறகுதான் வெளியே எடுப்பார். முதலில் மேடை நடுவே நின்று ஒரே ஒரு தட்டு, அது அடங்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது. இடம் தேறுமா தேறாதா என்பது அந்த இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். புதுப்பித்து முடித்தபின் இன்றுதான் முதன்முறையாக உள்ளே வருகிறார். வெளியே நல்ல வெயில். உள்ளே வார்னிஷ் வாடையும் புதுக் கம்பளத்தின் வாடையும் மூக்கைத் துளைத்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போய் இருட்டில் மறைந்தன. விரிசல் விட்ட பழைய சுவருக்கு முன்னால் தேன் நிறப் பலகைகள் உச்சிவரை ஏறியிருந்தன. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வேலை. அதில் பாதி அவருடைய மச்சான் செய்தது.

எதிரொலி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் எதிரொலி தேய்ந்துதான் வரும். இது தேயவில்லை. இரண்டும் ஒரே அளவில், நிதானமாக, யாரோ கவனித்துத் தட்டியதுபோல வந்தன.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. தச்சன், இவர்கள் வீட்டிலேயே இருந்தவன். இரண்டு பேரும் பெரிய கட்டடங்களில் சேர்ந்து வேலை பார்க்கும்போது கத்திக் கத்தித் தொண்டை கட்டுகிறது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு தட்டு என்றால் ‘இருக்கியா?’ இரண்டு என்றால் ‘இருக்கேன்.’ மூன்று என்றால் ‘வேலை முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்பு.’ இவர் மூன்று தட்டாமல் அவன் இடத்தைவிட்டு நகரமாட்டான். அதில் மட்டும் அப்படியொரு பிடிவாதம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மேடையில் இருவருக்கும் வாய்த்தகராறு. இடப்பக்கச் சுவருக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நின்று அவன் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தான். இவர் ஆத்திரத்தில் மூன்று தட்டாமலேயே விருட்டென்று கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அவன் வீடு திரும்பவில்லை. ரோஷக்காரன், வேறெங்கோ வேலைக்குப் போயிருப்பான், கோபம் தணிந்தால் வருவான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவன் அக்கா இன்றைக்கும் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள்.

அவன் காணாமல் போன மறுநாள் காலை மேஸ்திரி கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். சந்துக்குள் விட்டு விட்டு ஏதோ சத்தம் கேட்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். இவர் முதல்நாள் எரிச்சல் தீராமல் அரைகுறையாகக் கேட்டார். குழாய் அதிர்கிறது, மேலேயிருந்து சத்தம் அடக்கும் மஞ்சள் பஞ்சைத் திணித்துப் பலகையை மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் காதில் வைத்தார். யாரோ ஆணியில் சுத்தியலால் ஓர் அடி அடிக்கிறார்கள். உடனே சந்துக்குள்ளிருந்து இரண்டு தட்டு. மறுபடி ஓர் அடி. மறுபடி இரண்டு.

பதிவை நிறுத்தினார்.

மேஸ்திரி சான்றிதழோடு வந்து நின்றார். மாலையில் முதல் கச்சேரி, கையெழுத்து விழுந்தால் கதவைத் திறந்துவிடலாம் என்றார்.

“அந்த இடப்பக்கப் பலகையக் கழட்ட முடியுமா?”

“இன்னிக்கா? எதுக்கு சார்?”

எதுக்கு. பலகையைக் கழற்றினால் அடைக்கச் சொன்னது யார் என்ற பேச்சு வரும். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி போனார். கதவு சாத்திக்கொண்டது.

இடப்பக்கம் போனார். பலகையில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. புது மரத்தின் வாடைக்கு அடியில் வேறொரு வாடை.

அவர் தட்டவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

இரண்டு. உள்ளங்கைக்கு நேர் பின்னால்.

“போயிடுடா,” என்றார்.

இரண்டு.

பின்வாங்கினார். நாற்காலி இடித்தது. இதை நிறுத்த வேண்டும். எப்படியாவது நிறுத்த வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

அமைதி. பலகையைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது.

அப்பாடா என்று மேடை விளிம்பில் உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. மனைவி. அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள்.

“ஏங்க, தம்பி வந்துட்டான். வாசல்லதான் நிக்கிறான். ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறான், இன்னும் கோவம் போல.”

தாழ்ப்பாள் விலகும் ஓசை.

“உள்ள விடாத,” என்றார். அவள் காதில் விழவில்லை.

“வாடா… என்னடா இது கோலம்? எங்க, வாயத் திற. ஏண்டா, வாய் நிறைய மஞ்சப் பஞ்சு?”

பிறகு அவள் குரல் இல்லை. கைப்பேசிக்கு வெகு அருகில், ஒரே ஒரு தட்டு.