நாலில் வைத்த ஹீற்றர்

வான் வண்டியின் ஹீற்றர் லீவரை நாலில், ஆகக் கூடின வேகத்தில், வைத்திருந்தும் காற்று நின்று நின்றுதான் வந்தது. முதலில் மெல்ல ஊதும். பிறகு ஓயும். மறந்துபோனது ஒன்று ஞாபகம் வந்ததுபோல மறுபடியும் ஊதும். அன்புராசா கையுறையைக் கழற்றி, டாஷ்போர்டில் இருந்த துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான். வந்த கொஞ்சக் காற்றிலும் சூடு இருந்தது. சூட்டோடு ஈரமும் இருந்தது.

"சனியன்," என்றான்.

மூன்று கிழமைக்குள் மூன்று தரம் அகஸ்ரின் அண்ணையிடம் கொண்டுபோயாயிற்று. வோபர்னில் தன் வீட்டு வாசலிலேயே வாகனம் திருத்துகிறவர் அவர். முதல்தரம் ஹீற்றரின் விசிறிக்குள் இருந்து ஒரு பை நிறையக் காய்ந்த இலை எடுத்தார். இரண்டாம்தரம் ரெசிஸ்ரர் என்று ஏதோ ஒன்றை மாற்றினார். இன்று மத்தியானம் விசிறி மோட்டரையே புதிதாகப் போட்டார்.

"இனியும் உது ஊதாட்டி நான் வந்து உள்ளுக்க குந்தியிருந்து ஊதுறன், தம்பி."

"போனமுறையும் உதைத்தானே சொன்னனீங்கள், அண்ணை."

"போனமுறை பகிடிக்குச் சொன்னனான்."

அன்புராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் கிழமைக்கு ஆறு நாள் இரும்பு தூக்கிய தோள் வலித்தது. அதைவிடப் பயம் வலித்தது. பக்கத்துச் சீட்டில் மகள் ஷரோன் இருந்தாள். ஆறு வயது. பிறந்ததிலிருந்து தொய்வு, மூச்சிழுப்பு. குளிர்க்காற்று நெஞ்சுக்குள் போனால் பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டொக்டர் மார்கழியில் சொல்லிவிட்டார். தாய் அன்ரனெற்றுக்கு அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வாசலில் நிற்பாள், போய் ஏற்றவேண்டும். பிள்ளையை வீட்டில் தனியே விட ஏலாது. பின்சீட்டுக்குச் சூடு போகாததால் முன்னுக்கு இருத்தியிருந்தான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தை மாதம். நாலரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. 401 நெடுஞ்சாலையில் பனி சரிவாக அடித்தது. முன்கண்ணாடியின் உள்பக்கம் மூச்சின் ஆவி புகாராகப் படிந்தது; கையால் துடைத்தான், மறுபடியும் படிந்தது. வானுக்குள் சூடேறிய தூசியும், நனைந்த கம்பளியும், பிள்ளையின் நெஞ்சில் பூசிய விக்ஸும் ஒன்றாகக் கலந்து மணத்தன. அந்த மணத்துக்குள்ளே, டாஷ்போர்டுக்கு அடியில் விசிறி இழுத்து இழுத்து முனகுவதையும், பக்கத்தில் ஷரோனின் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுப்பதையும் கேட்டுக்கொண்டே ஓட்டினான். இரண்டு சத்தங்கள். கொஞ்சத் தூரம் போனபின்தான் கவனித்தான், அவை இரண்டு அல்ல. அவள் இழுக்கும்போது விசிறி ஓய்ந்தது. அவள் விடும்போது விசிறி ஊதியது.

"பிள்ளை, ஏன் அப்பிடி மூச்சு விடுறாய்?"

"வானுக்கும் தொய்வு, அப்பா. நான் ஹெல்ப் பண்ணுறன்."

"என்ன ஹெல்ப்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டா அதுக்கு ஈஸி."

"விசர்க்கதை கதையாதை. உன்ரை பாட்டுக்கு விடு."

ஷரோன் வாயை மூடி, கன்னத்தை உப்பவைத்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இப்ப ஏலாது, அப்பா."

அடுத்த வெளிவழியில் இறங்கினான். குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு பூக்கன்றுக் கடையின் வெறும் முற்றத்தில் வானை நிறுத்தினான். இயந்திரத்தை நிறுத்தவில்லை. அகஸ்ரின் அண்ணையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தன் சீட்டிலிருந்து குறுக்காகச் சரிந்து, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிள்ளையின் கால்களைத் தாண்டித் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். கன்னத்துக்குப் பக்கத்தில் அவளின் சிவப்புப் பூட்ஸ் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கண்டுபிடித்தான். மோட்டர் புதிது, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வயரின் பிளக் பழையது. வெடித்து, கருகி, தளர்ந்து தொங்கியது. இந்தச் சின்னச் சாமானுக்காகவா மூன்று கிழமை! துடைத்து இறுக்குவோம் என்று இழுத்துக் கழற்றினான்.

விசிறி நின்றது.

ஷரோனின் இழுப்பும் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. மூன்று நாளாக ஓயாத இழுப்பு. பிளக்கின் கரியை நகத்தால் சுரண்டினான். பனி கூரையில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

பூட்ஸ் ஆடவில்லை.

"ஷரோன்?"

தலையை வெளியே எடுத்தான். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். வாய் திறந்திருந்தது. குளிரில் அவனின் மூச்சு வெள்ளையாகப் போனது. அவளின் வாய்க்கு முன்னால் ஒன்றுமில்லை.

அவளின் பையிலிருந்த தொய்வு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து அமத்தினான். மருந்து உள்ளே போகாமல் வெளியே வந்தது. முதுகில் தட்டினான். பெயரைச் சொல்லிக் கத்தினான். தூக்கிக்கொண்டு ஓட எழும்பியபோது முழங்கால் வயரில் இடித்தது. பிளக் தன் இடத்தில் உரசியது. விசிறி அரைச் சுற்றுச் சுற்றியது.

ஷரோனின் நெஞ்சு உயர்ந்தது.

விசிறி நின்றது.

நெஞ்சும்.

விழுந்து கீழே நுழைந்தான். பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துச் செருகினான். ஓடியது. கை தளர்ந்தது, நின்றது. மறுபடியும் அமத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினான். இந்தக் குளிர்காலம் முழுக்க ஒருநாளும் ஓடாத வேகத்தில் விசிறி இரைந்தது. சூடான காற்று வானை நிறைத்தது. மேலே ஒரு நீண்ட மூச்சு. பிறகு இன்னொன்று. கீச்சுச் சத்தமே இல்லாத, நல்ல மூச்சு.

பிளக் சுட்டது. விரலில் தோல் ஒட்டிக் கருகும் மணம் வந்தது. விடவில்லை. அன்ரனெற் வாசலில் நின்று பார்ப்பாள். காணாவிட்டால் போன் பண்ணுவாள். ஆராவது தேடி வருவார்கள். அதுவரைக்கும். அதுவரைக்கும் மட்டும்.

பூட்ஸ் மறுபடியும் ஆடத் தொடங்கின. அவளின் சால்வை அவிழ்ந்து அவனின் முகத்தின் மேல் விழுந்தது. எடுக்கக் கை இல்லை.

"சரியான சூடு, அப்பா."

"ஒண்டையும் தொடாதை!"

சால்வைக்குள் அவன் குரல் அமுங்கியது.

"என்ன?"

"தொடாதை, பிள்ளை! தொடாதை!"

"ஃபேன் சத்தத்தில கேக்கேல்லை. பொறுங்கோ, குறைக்கிறன்."

டக். மூன்று.

மேலே மூச்சு ஒரு படி இறங்கியது. அவன் தலையை மோதி மோதிச் சால்வையை விலக்கினான். கீழே விழுந்து கிடந்த டோர்ச்சின் வெளிச்சத்தில் அவளின் கை தெரிந்தது. சின்ன விரல் லீவரில் இருந்தது. கத்தினான்.

"இன்னும் கேக்கேல்லை," என்றாள் அவள், பாதிக் குரலில்.

டக். இரண்டு.

பூட்ஸ் மெல்ல ஆடின. இன்னும் மெல்ல. "அப்" என்றாள், மிச்சச் சொல்லுக்கு மூச்சுப் போதவில்லை. அவன் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டவள்போல முகத்தைக் கீழே சாய்த்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். விரல் லீவரை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.